சிவப்புக் கோடு போடலாம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளியில் என் கடைசி வருடம், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்க தாளையெல்லாம் நீங்க திருத்துறீங்க. உங்க தாளை யாரு திருத்துவாங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

இன்று பள்ளிகள் திறந்தன. ஜன்னலுக்குக் கீழே புதுச் சீருடைகள் போகின்றன. வளர்ந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று வாங்கிய சீருடைகள், கை விரல் வரை மூடியிருக்கின்றன. அதைப் பார்த்ததும் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்று ஒரு வருடம் முடிந்துவிட்டது. இப்போது நான் செய்முறைத் தாள் எழுதுகிறேன். ஒரு சாமான் வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் மேலே மடித்த காகிதம் ஒன்று இருக்குமே, அதுதான். சின்னக் கம்பெனிகளுக்கு அதை எழுத ஆள் வேண்டியிருக்கிறது. தனி ஆட்களுக்கு வேலை பிடித்துத் தரும் தளம் ஒன்றில் எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது: குவாக் இன்-சுக், பிறந்தது 1962, முப்பத்தாறு வருடம் மனையியல் ஆசிரியை, தேஜோன் நகரம். அரிசி கழுவுவதிலிருந்து பொத்தான் தைப்பது வரை, புரியாதவர்களுக்குப் புரியும்படி சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உண்டா?

வந்தவர்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். "மிகவும் சிரமப்பட்டு எழுதித் தந்தீர்கள், நன்றி." எழுத்துப் பிசகாமல் எல்லாரும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

ஒருவரும் இரண்டாம் தடவை வரவில்லை.

மார்ச் 6

சாங்-சிக் போன் செய்தான். என் தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவன், யோசுவில் விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, கடல் பார்த்த ரூம் ஒண்ணு உனக்குன்னு வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன். நீ கல்லாவுல உக்காந்தா போதும். ஒரு பய ஏமாத்த மாட்டான். உன் கண்ணைப் பார்த்தாலே தானா பில்லைக் கட்டிட்டுப் போயிடுவான்."

"எனக்கு இங்க வேலை இருக்குடா."

"என்ன வேலை? யாராவது திரும்பி வந்தாங்களா?"

புத்தாண்டுக்குப் போயிருந்தபோது எல்லார் முன்னாலும் நான்தான் வாய் விட்டேன். ஒரே ஒரு ஆளாவது என்னிடம் இரண்டாம் தடவை வராவிட்டால், கோடையின் முதல் உச்சநாளுக்கு முன் இங்கே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. வெயிலுக்குத் தெம்பு வேண்டும் என்று அன்றைக்கு நாடே விலாங்கும் கோழியும் தேடி ஓடும். அவன் கடையில் நிற்க இடம் இருக்காது. ஜூலை இருபது. அவன் அதைக் கல்லா மேலே காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறானாம்.

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு நான் தனியாக இருப்பது பிடிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

மார்ச் 11

வட்டார மையத்தில் இலவச வகுப்பு: "உங்கள் பக்கத்துக்கு ஆட்களை இழுப்பது எப்படி." எடுப்பவர் ப்யோ என்ற இளைஞர். நல்ல சுறுசுறுப்பு. என் பக்கத்தைத் திரையில் எல்லாரும் பார்க்கப் போட்டார்.

"முதல்ல பிறந்த வருஷத்தை எடுங்க டீச்சர். அப்புறம் 'ஆசிரியை'ங்கிற வார்த்தையை எடுங்க. அப்புறம் இந்தப் படம்..."

"எல்லாத்தையும் எடுத்தப்புறம் மிச்சம் என்ன இருக்கும்?"

"காலி இடம் டீச்சர். காலி இடந்தான் இப்ப அழகு."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "தேதியை அழிச்ச பால் பாக்கெட்டை நீங்க வாங்குவீங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

ப்யோ அசரவில்லை. "வாங்க மாட்டேன். ஆனா பழைய தேதி போட்ட பாக்கெட்டையும் வாங்க மாட்டேன்ல?"

உதாரணம் எடுக்கும்போது அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் எடுக்க மாட்டேன்.

மார்ச் 19

எடுக்க மாட்டேன் என்றாலும் படத்தை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது. பழையது பள்ளி அடையாள அட்டைப் படம். அதில் நான் யாரையோ கண்டிக்கிற மாதிரி இருக்கிறேன். கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போனேன். எடுத்தார். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்று கம்ப்யூட்டரில் குனிந்தார். திரும்பக் காட்டியபோது திரையில் என் சித்தி மகள் இருந்தாள். கழுத்துச் சுருக்கம் இல்லை. மச்சம் இல்லை. தாடை பாதியாகிவிட்டது.

"என் தாடை எங்கே?"

"கொஞ்சமா உள்ள தள்ளினேன்மா. எல்லாருக்கும் இப்படித்தான் பண்றது. கேக்காமலே பண்ணிடுவோம்."

"திருப்பிக் குடுங்க."

"என்னது?"

"தாடை. மச்சமும். இந்தத் தாடையை வெச்சுத்தான் நாப்பது பிள்ளைங்களை அமைதியா உக்கார வெச்சேன். இது இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?"

கடை நடத்த ஆரம்பித்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதே இல்லையாம். ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். கழுத்துச் சுருக்கத்தை வைக்கும்போது மட்டும் "நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஏப்ரல் 2

புதுப்படம் போட்டேன். யாரும் வரவில்லை. ப்யோ சொன்னபடி ஒரு நாள் என் முகத்துக்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட முயல் பொம்மையும் வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 3

முயலை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

மூன்று வாரமாக ஒரு விசாரிப்பும் இல்லை. சாங்-சிக் கடலைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். கீழே ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கும் சாமர்த்தியம் வந்துவிட்டது.

ஏப்ரல் 29

கோபமாக இருக்கிறது. எழுதினால் அடங்கும்.

போன வகுப்பில் ப்யோ சொன்னார்: எழுதிய தாள் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி ஒரு படம் பக்கத்தில் போடுங்கள், வார்த்தையைவிட அது பேசும் என்று. நியாயமாகப் பட்டது. என் எழுத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது சோயா முளை வளர்க்கும் பானைக்கு எழுதியது. போன இலையுதிர் காலத்தில் யோம் கி-தே என்ற பையன் கேட்டு வாங்கியது. இரண்டே பேர் கம்பெனி. பையன் என்று எழுதுகிறேன். கம்பெனி வைத்திருக்கிறவர் என்பதால் பேசும்போது முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். இருட்டில் ஏன் மூடி வைக்க வேண்டும் என்பதற்குப் போர்வைக்குள் தூங்கும் குழந்தையை உதாரணம் காட்டியிருந்தேன். முழுசாக இரண்டு பக்கம். ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

போன் செய்தேன். "முதலாளி, பெட்டியோட ஒரு படம் அனுப்ப முடியுமா?"

"டீச்சர்... அது வந்து..."

"பெட்டி தீந்து போச்சா?"

"இல்ல டீச்சர். பெட்டி இருக்கு. தாள்தான்... நாங்க அதைப் போடல. நானே ஒண்ணு எழுதிப் போட்டுட்டேன். கேவலமாத்தான் இருக்கு. மன்னிச்சிடுங்க."

ஏன் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னார். பானையை வாங்குகிறவர்கள் ஒற்றை அறையில் தனியாக இருப்பவர்கள். காலையில் போனால் இரவில்தான் வருவார்கள். நான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். அந்தப் பானைக்கு அடியில் தண்ணீர் நிற்க ஒரு தட்டு இருக்கிறது. காலையும் மாலையும் ஊற்றினால் போதும். அதற்காகத்தான் அந்தப் பானையையே செய்தாராம்!

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படி டீச்சர் சொல்றது? நீங்க எங்கம்மாவைவிடப் பெரியவங்க. டீச்சர் வேற. உங்களைப் பார்த்து 'இது சரியில்ல, மாத்துங்க'ன்னு என் வாயில வருமா? ரெண்டு தடவை மெசேஜ் அடிச்சு அடிச்சு அழிச்சேன். அப்புறம் அஞ்சு ஸ்டாரைப் போட்டுட்டு..."

போட்டுட்டு ஓடிட்டான். எல்லாரும் ஓடிட்டாங்க! வயசானவள்னு யாரும் என்னை ஒதுக்கல. பயந்துட்டாங்க. என்கிட்டயா? என்னைப் பார்த்தா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? முகத்தைக் காட்டினேன், வயசைக் காட்டினேன், தாடையைக்கூடத் திருப்பி வாங்கி மாட்டினேன். என் தாள் குப்பையில கிடக்குன்னு மட்டும் எனக்கு யாரும் காட்டல.

ஏப்ரல் 30

கோபம் தெளிந்தது. தூங்கி எழுந்தால் கணக்கு புரியும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், எனக்கும் அப்படித்தான்.

யோசித்துப் பார்த்தால், நான் தலைமையாசிரியரிடம் ஒருமுறையாவது "இது தப்பு" என்று சொன்னேனா? தொண்டை வரை வரும், பிறகு "மிகவும் சிரமப்பட்டீர்கள்" என்றுதான் வெளியே வரும். எங்கள் பேச்சில் எதிரே இருப்பவரின் வயதுக்குத் தக்கபடி ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் மரியாதையாகக் குனிய வேண்டும். குனிந்துகொண்டே ஒருவரைத் திருத்த முடியாது.

அப்படியானால் வயதை மறைத்துவிடலாமே என்பார் ப்யோ. முயலுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். முடியாது. என் வயதோடுதான் என்னைத் திருத்தப் போகிறார்கள். அதற்கு வழி கண்டுபிடிக்கிறேன்.

மே 7

கி-தே முதலாளியிடம் மறுபடி பேசினேன். அந்தத் தாளைத் திருத்தித் தாருங்கள், திரும்ப எழுதுகிறேன், காசு வேண்டாம் என்றேன். அலறிவிட்டார்.

"ஐயோ டீச்சர், நானா? உங்க எழுத்தையா? என் கை அழுகிப் போயிடும்!"

"ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம் முதலாளி. பள்ளிக்கூடத்துல தப்பான பதிலுக்கு என்ன போடுவோம்?"

"சாய்ச்சு ஒரு கோடு."

"அதான். படிக்கச் சலிச்ச இடத்துல ஒரு கோடு. உண்மைக்கு மாறா இருக்கிற இடத்துல ஒரு கோடு. வேற எதுவும் வேண்டாம். கோட்டுக்கு மரியாதை வார்த்தை தேட வேண்டியதில்லையே?"

மெதுவாக, "கோடுன்னா... போடலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

தாளையும் என் சிவப்புப் பேனாவையும் ஒரே உறையில் வைத்துத் தபாலில் அனுப்பினேன். வகுப்பில் கடைசிவரை வைத்திருந்த பேனா.

மே 15

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் பூப்படம் அனுப்பினார்கள்.

மத்தியானம் கி-தேயின் உறை வந்தது. நிறையத் தப்பு இருக்கும் தாளைப் பார்த்தால், "டீச்சர், என் தாள்ல மழை பெஞ்சிருக்கு" என்பார்கள் பிள்ளைகள். சாய்ந்த சிவப்புக் கோடுகள் மழை போலவே இருக்கும். என் இரண்டு பக்கத்திலும் நல்ல மழை. ஆரம்பத்தில் கோடுகள் மெலிதாக, நடுங்கிக்கொண்டு, மூலையில் ஒதுங்கி இருந்தன. இரண்டாம் பக்கத்தில் தைரியம் வந்திருக்கிறது. போர்வைக்குள் தூங்கும் குழந்தை மேல் மூன்று கோடு, காகிதம் கிழியும் அளவுக்கு!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். குழந்தை உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆசிரியர் தினத்துக்கு வந்ததிலேயே இதுதான் நல்ல பரிசு.

மே 19

ஒன்பது வரியில் எழுதி முடித்தேன். "காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கோப்பைத் தண்ணீர். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும் ஒரு கோப்பை. துணியை எடுத்துப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள், வெளிச்சம் பட்டால் முளை பச்சையாகிவிடும்." இந்த ரீதியில். கி-தே ஒரே ஒரு கோடு போட்டு அனுப்பினார். அதுவும் சரியான கோடு.

மே 27

பக்கத்தை மாற்றினேன். மேலே என் படம், தாடையோடு, பிறந்த வருடத்தோடு. கீழே மழை பெய்த அந்த இரண்டு பக்கம், பக்கத்தில் ஒன்பது வரித் தாள். அதற்குக் கீழே எழுதினேன்:

"நான் ஆசிரியை. அறுபது கடந்தவள். இடது பக்கம் நான் எழுதியது. சிவப்புக் கோடுகள் என்னைவிட முப்பது வயது இளையவர் போட்டவை. வலது பக்கம் அதனால் கிடைத்தது. உங்களுக்கும் ஒரு சிவப்புப் பேனா அனுப்புவேன். கோடு போட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். கோடே போடாமல் ஐந்து நட்சத்திரம் தர நினைப்பவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்."

கடைசி வரியை எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 3

ப்யோ பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "டீச்சர், ஒரு ஓட்டல்காரன் கருகின மீனைக் கொண்டுபோய் வாசல்ல தொங்க விடுவானா?"

"பக்கத்துல நல்லாச் சுட்ட மீனையும் தொங்க விட்டிருக்கேனே. கருகினதும் சுட்டதும் ஒரே கைதான், நடுவுல சாப்பிட வந்தவங்க ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு தெரியுமில்ல?"

"ஆளே வரலைன்னா?"

"வரலைன்னா யோசுவுல கல்லா இருக்கு. ஆனா முயலா மட்டும் இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பயமாகத்தான் இருந்தது.

ஜூன் 12

ஒன்றுமில்லை.

ஜூன் 20

சாங்-சிக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டான். "அக்கா, நீயே உன்னைப் பெயிலாக்கி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கே! அண்ணன் தம்பின்னு இருக்கிறவங்க எங்க மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?" அப்புறம் குரலை இறக்கி, "ரூமுக்குத் திரைச்சீலை என்ன கலர் வேணும்?"

நீலம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தோற்கப் போகிறேன் என்று எனக்கே தோன்றிவிட்டதா?

ஜூன் 26

இரண்டு புது விசாரிப்பு. ஒருவர் கேட்டார்: "பேனா நிஜமாவே அனுப்புவீங்களா?" நிஜமாகவே அனுப்பினேன். புது ஆட்கள் வருவது சந்தோஷம். ஆனால் நான் வாய் விட்டது இரண்டாம் தடவை வரும் ஆளைப் பற்றி.

ஜூலை 4

புதுத் தாள் போட்ட பெட்டியைக் கி-தே படமெடுத்து அனுப்பினார். பார்க்காதீர்கள் என்று எழுதியதால் முக்கால்வாசிப் பேர் பார்க்காமல் இருக்கிறார்களாம். கொஞ்ச பேர் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார்களாம். அவருடையது பழைய வேலையின் மிச்சம். இதைக் கணக்கில் சேர்த்தால் சாங்-சிக் சண்டைக்கு வருவான். நானும் சேர்க்க மாட்டேன்.

ஜூலை 11

வந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் சூடேற்றும் பாய்க்கு எழுதி வாங்கிக்கொண்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு ஓடிய பெண்மணி. எழுதியிருக்கிறார்: "டீச்சர், உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். முன்னே எழுதித் தந்த தாளையும் நாங்கள் போடவில்லை. வெட்கமாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்துக்குப் புதுப் பாய் வருகிறது. பழைய தாளில் நான் இப்போது கோடு போட்டு அனுப்பினால், புதியதை நீங்களே எழுதுவீர்களா? நிறையக் கோடு வரும்."

நிறைய வரட்டும்மா! மழையாகவே வரட்டும்!

அறையில் நானே இரண்டு சுற்று நடந்தேன். பிறகு சாங்-சிக்குக்குப் போன் செய்தேன்.

"இரண்டாம் தடவை" என்று மட்டும் சொன்னேன்.

"திரைச்சீலை நீலத்துல வாங்கிட்டேனே" என்றான்.

"விருந்தாளி வந்தா அந்த ரூம்ல படுக்க மாட்டாங்களா? இருபதாம் தேதி வர்றேன். சாப்பிட."

ஜூலை 20, ஞாயிறு, யோசு

முதல் உச்சநாள். கடைக்கு வெளியே வரிசை தெருமுனை வரை. நான் கல்லாவுக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து விலாங்கு சாப்பிட்டேன். கல்லாவில் என் தம்பி மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் ஒரு பய ஏமாற்ற முடியாது.

ஒவ்வொரு மேசைக்கும் போய் மேசை அடுப்பில் மீனை எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சாங்-சிக்கின் தொண்டை கட்டிவிட்டது. சுவரில் ஒரு தாள் ஒட்டினால் என்ன என்றேன். கூட்டம் குறைந்ததும் எழுதிக் கொடுத்து, சிவப்புப் பேனாவையும் நீட்டினேன்.

"நானா? உனக்கா?" பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்ன வயதில் அவன் கணக்குக்கெல்லாம் வீட்டில் மழை பெய்ய வைத்தவள் நான். பிறகு ஒரு கோடு போட்டான். இன்னொன்று. கடைசியில் தாள் முழுதும், மூலைக்கு மூலை ஒரே கோடு, சத்தம் வரும்படி.

"எங்கக்கா தாள்ல!" என்று சமையலறைக்குள் தூக்கிக் காட்டினான். உள்ளே கை தட்டினார்கள்.

"ஏண்டா, அவ்வளவும் தப்பா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு. முதல் வரிதான் வேண்டாம். மத்த கோடெல்லாம் எனக்காகப் போட்டுக்கிட்டேன்."

முதல் வரியை எடுத்தேன். அவன் சொன்னது சரி.

சாயந்திரம் நீலத் திரைச்சீலை போட்ட அறையில் இருந்தபோது பாய்க்காரப் பெண்மணியிடமிருந்து செய்தி. வணக்கம் இல்லை, சிரமப்பட்டீர்கள் இல்லை. போன வாரம் அனுப்பிய என் புதுத் தாளின் படம், மூன்றாம் வரி மேல் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். நாளை மத்தியான ரயிலில் வீட்டுக்குப் போய் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் புது ஆட்களுக்கு ஒரு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் ப்யோ. ஒன்றே ஒன்று சொல்லப் போகிறேன்: உங்கள் பக்கத்தை அச்செடுத்து, உங்களைக் கண்டால் எழுந்து நிற்கும் ஒருவரிடம் ஒரு சிவப்புப் பேனாவோடு கொடுங்கள், அவர் கோடு போட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.